பதினாலு கொடுக்கும் வண்டி

என் அப்பாவும் என் கணவரும் எங்கள் கல்யாணத்திலிருந்து பேசிக்கொண்டதெல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். மைலேஜ். நாங்கள் கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் போய் இறங்கினால், மாப்பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா கேட்டுவிடுவார்.

“இன்னா மாப்ள, வண்டி என்ன குடுக்குது?”

“பதினாலு மாமா.”

“ம்.”

அதோடு சரி. அப்பா பேப்பரைப் பிரித்துக்கொள்வார், இவர் போனை எடுத்துக்கொள்வார். சாப்பாட்டு நேரத்தில் குழம்பைப் பற்றிக்கூட இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கிளம்பும்போது அப்பா வாசல்வரை வந்து டயரை ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போவார். மருமகனிடம் அவர் காட்டிய பாசம் அவ்வளவுதான் என்று நான் அம்மாவிடம் கிண்டல் செய்வேன்.

அந்தப் பதினாலு சுத்தப் பொய். எங்கள் பிக்கப் ஒருநாளும் லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்ததில்லை. வண்டியை விற்றவன் வாயில் வந்த எண் அது. காலி வண்டியாக, நல்ல ரோட்டில், காற்றில்லாத நாளில் பதினொன்று கொடுத்தால் பெரிய விஷயம். பங்க்குக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவள் நான், எனக்குத் தெரியாதா? “ஏன் அப்பாகிட்ட புளுகுறீங்க?” என்று கேட்டால், “மாமா டிரைவரும்மா. பதினொண்ணுன்னு சொன்னா எனக்கு ஓட்டத் தெரியலைன்னு நெனைப்பாரு” என்பார். சொல்லிச் சொல்லி, நாளாவட்டத்தில் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். அடுத்தவர்களிடம் பதினாலு என்று சொல்லும்போது அவர் முகத்தில் பொய் சொல்கிற களையே இருக்காது.

அப்பா லாரி ஓட்டியவர். கடலூர் துறைமுகத்திலிருந்து உரமும் உப்பும் ஏற்றிக்கொண்டு எங்கெங்கோ போய் வந்தவர். ஓட்டுவதை நிறுத்திய பிறகும் உலகத்தை அந்தக் கண்ணால்தான் பார்த்தார். சிதம்பரத்தில் அப்பா வீடு கீழ வீதியிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. தேர் வரும் நாளில் ஊரே கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சந்துமுனையில் நின்று, “இவ்ளோ பேரு இழுத்தும் என்ன குடுக்குது பாரு, ஒரு நாளைக்கு நாலு தெரு” என்பார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

அவருக்கென்று ஒரு பாணி இருந்தது. ஆக்சிலேட்டரின் மேல் முட்டை வைத்திருப்பதுபோல மிதிப்பார். பாலம் இறங்கும்போது காலையே எடுத்துவிடுவார், வண்டி தன்னால் உருளும். சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். எதிரே மேடு வருகிறது என்று எனக்குத் தெரியும் முன்பே அவர் காலுக்குத் தெரிந்திருக்கும். “கால எடுத்து ஓட்டணும் பாப்பா. அவசரப்பட்டு மிதிக்கிறவன் பாதி வழியில நிப்பான்” என்பார். டீசல் மிச்சம் பிடிப்பதில் அவருக்கு இருந்த பெருமை வேறு எதிலும் இருந்ததில்லை.

அதே ஆள் பீடியை மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. நுரையீரல் போய்விட்டது. கடைசி இரண்டு வருடம் மூக்கில் குழாயோடு இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கரன்ட்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் ஒன்று உறுமிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு திருகு உண்டு, எவ்வளவு காற்று வர வேண்டும் என்று வைப்பதற்கு. இரண்டில் வைக்க வேண்டும், அதற்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் இறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாவுக்குத்தான் சும்மா இருக்க வராதே. அம்மா பின்பக்கம் போன நேரம் பார்த்துத் திருகை ஒன்றுக்கு இறக்கிவிடுவார். “படுத்துக் கெடக்குறவனுக்கு எதுக்கு டாப் கியரு?” என்பார். அம்மா கத்திக்கொண்டே மறுபடி ஏற்றி வைப்பாள். கரன்ட் போனால் மாட்டுவதற்கு என்று தெற்கு வீதிக் கடையிலிருந்து ஒரு சிலிண்டர் வாடகைக்கு வாங்கி மூலையில் நிறுத்தியிருந்தோம். அதிலும் அதே மாதிரி ஒரு திருகு உண்டு.

என் கணவருடைய தொழில் ஜெனரேட்டர் வாடகை. கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் எங்கள் ஜெனரேட்டர் செட் போகும். இரண்டு சக்கர ட்ரெய்லரில் இரும்புப் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும். பிக்கப்பின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செட் எங்கே போனாலும் டேங்க் காலியாகத்தான் போகும். டீசல் போடுவது வாடகைக்கு எடுப்பவர் பாடு. வேலை முடிந்ததும் மிச்சத்தை வடித்துவிட்டுத்தான் நிறுத்துவோம், இல்லாவிட்டால் விடிவதற்குள் யாராவது குழாய் விட்டு உறிஞ்சிவிடுவார்கள். ஆகவே எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் செட் எப்போதும் காய்ந்துதான் நிற்கும்.

செட்டை இழுத்துக்கொண்டு போனால் வண்டி என்ன கொடுக்கும் என்று அப்பா ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறார். அண்ணாகிராமத்துப் பக்கம் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு ட்ரெய்லரோடு நேராகச் சிதம்பரம் வந்திருந்தோம்.

“பெருசா ஒண்ணும் கொறையாது மாமா. ரெண்டு சக்கரம்தான, தன்னால உருண்டு வந்துடும்.”

அப்பா சிரித்தார். “பின்னால ஒண்ணு வந்தா பாதிய அது குடிச்சிரும் மாப்ள.”

“அது உங்க காலத்து லாரிக்கு மாமா.”

“ம்,” என்றார் அப்பா.

அந்த வருடம் புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை செம்மண்டலத்தில் வேப்பமரங்கள் தெருவுக்குக் குறுக்கே கிடந்தன. கரன்ட் முந்தின சாயங்காலமே போயிருந்தது. எங்கள் வீட்டு யுபிஎஸ் தீர்ந்துவிட்டது. எங்களிடம் இருந்த சின்ன ஜெனரேட்டர் கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்து முழுகியிருந்தது. மாடிக்கு ஏறினால்தான் போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. அந்த ஒரு கோட்டில் அம்மா பேசினாள்.

“பாப்பா, இங்கயும் கரன்ட் இல்ல. யுபிஎஸ் நின்னுடுச்சு. இப்பதான் சிலிண்டர் மாட்டுனேன். வெளக்கு வெக்கிற நேரம் வரைக்கும் வரும்னு கடக்காரு சொன்னாரு. சந்து பூரா தண்ணி. ஆட்டோ வரல, ஆம்புலன்சுக்கு போன் போவல. மாப்ளய செட்டு எடுத்தாரச் சொல்லு.”

அந்த மெஷினுக்கு ஒரு மிக்ஸிக்கு வேண்டிய கரன்ட்தான் வேண்டும். அதற்குக் கல்யாண மண்டபத்தையே ஓட்டும் செட்டை இழுத்துக்கொண்டு போக வேண்டும். வேறு வழியில்லை. எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஊரில் கரன்ட் இல்லாததால் பங்க்குகள் மூடிக்கிடந்தன. சொந்த ஜெனரேட்டர் வைத்திருந்த ஒன்றில் வரிசை ரோட்டில் வளைந்து நின்றது. இவர் முட்டி மோதி ஒரு கேன் டீசல் வாங்கி வந்தார். அது செட்டுக்கு. வண்டியின் டேங்க்கில் கால்வாசிக்கும் குறைவாக இருந்தது.

“வண்டிக்கும் போட்டுட்டு வந்திருக்கலாமே?” என்றேன்.

“ஆளுக்கு ஒரு கேனுதான் குடுக்குறான். வண்டில எட்டு லிட்டர் இருக்கு. பதினாலு குடுக்குற வண்டிக்கு அது சிதம்பரம் போயிட்டுத் திரும்பி வரவே போதும்.”

வாதாட அது நேரமில்லை. செட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஒரு ட்ரெய்லர் எப்படி டீசலைக் குடிக்கிறது என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். எடை மட்டும் இல்லை. அந்தப் பெட்டி வண்டியைவிட உயரம், எதிர்க்காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு நின்றது. புயல் போன பின்னும் கடல் பக்கமிருந்து காற்று அடங்கவில்லை. ட்ரெய்லர் டயரில் காற்று குறைவு, பல நாள் நின்ற இடத்திலேயே நின்ற டயர். ரோட்டில் மரம் கிடந்த இடத்தில் எல்லாம் நிற்க வேண்டும், நின்ற இடத்திலிருந்து அந்த பாரத்தை மறுபடி நகர்த்த வேண்டும். மூன்றாவது கியருக்கு மேல் போடவே முடியவில்லை. என்ஜின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது, ஊர் நகர்கிறதாகத் தெரியவில்லை. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோலவே இருந்தது.

ஆலப்பாக்கம் தாண்டினதும் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் கையைக் காட்டிவிட்டார். “பஸ்ஸே போவல, இத இழுத்துக்குனு எங்க போறீங்க? குறிஞ்சிப்பாடி சுத்திப் போங்க.”

ட்ரெய்லரோடு திரும்புவது சும்மாவா? வண்டியைப் பின்னுக்கு எடுத்தால் செட் ஒரு பக்கம் மடங்கியது. கடைசியில் கொக்கியைக் கழற்றி, அங்கே நின்ற நாலு பேரைக் கெஞ்சி, செட்டைக் கையால் தள்ளித் திருப்பி மறுபடி மாட்டினோம். அந்த நேரமெல்லாம் இவர் என்ஜினை அணைக்கவே இல்லை. ஈரத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயம்.

திரும்பி வந்து குள்ளஞ்சாவடி ரோட்டைப் பிடித்ததும் சிக்னல் வந்தது. நான் அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். “ஆலப்பாக்கத்துல தண்ணிம்மா. குறிஞ்சிப்பாடி, வடலூர், சேத்தியாத்தோப்புன்னு சுத்தி வர்றோம். கொஞ்சம் லேட்டாகும்.”

அந்தப் பக்கம் கசமுசாவென்று சத்தம். அப்பா போனை வாங்கியிருக்கிறார். குழாய்க்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

“செட்டோடயா வர்ற?”

“ஆமாம் மாமா.”

“டீசலு… எவ்ளோ இருக்கு?”

“கால் டேங்க் இருக்கு மாமா. போதும். பதினாலு குடுக்குது.”

மூச்சு இரைத்தது. பிறகு, “ம்,” என்றார். லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு அன்றைக்கு யாருக்கும் போன் போகவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. “இப்பகூடவா? மூச்சுக்கு இழுத்துக்குனு கெடக்குறவருகிட்ட இப்பகூடவா அந்தப் பதினாலு?” என்று கத்தினேன்.

“மாமா பயப்படக் கூடாதுன்னுதாம்மா சொன்னேன்,” என்றார். அவர் கண் டீசல் முள்ளின் மேலேயே இருந்தது. நானும் பார்த்தேன். அது சிவப்புக்கு வந்திருந்தது.

வடலூர் தாண்டி, சேத்தியாத்தோப்புக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது என்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் நெற்பயிர் தண்ணீருக்கடியில் படுத்துக் கிடந்தது. இவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். “எட்டு லிட்டர் இருந்துச்சே” என்று மட்டும் சொன்னார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. அவருக்கு அப்போதுதான் தெரிகிறது, வண்டி பதினாலு கொடுக்காது என்பது. பத்துப் பதினைந்து பேரிடம் மட்டும் சொன்ன பொய்யென்றால் தப்பித்திருப்பார். தனக்கே சொல்லிக்கொண்டதால் மாட்டிக்கொண்டார்.

செட்டுக்கு என்று வைத்திருந்த கேனைத் திறந்து பாதியை வண்டிக்கு ஊற்றினார். ஊற்றினால் மட்டும் ஆகாது. டீசல் வண்டி காய்ந்து நின்றால் குழாயில் காற்று புகுந்துவிடும். பானெட்டைத் திறந்து ஒரு நட்டைத் தளர்த்தி, சின்ன பம்ப்பைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும். மழைத் தூறலில் அவர் அமுக்கிக்கொண்டிருந்தார், நான் நட்டிலிருந்து நுரை போய் வெறும் டீசல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நுரை வந்துகொண்டே இருந்தது. அங்கே அப்பா நெஞ்சிலிருந்தும் மூச்சு இப்படித்தானே போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்து அழுதுவிட்டேன். ஒருவழியாக என்ஜின் பிடித்தது.

“மீதியையும் வண்டிக்கே ஊத்தினாதான் சிதம்பரம் போவும்,” என்றார்.

“ஊத்திட்டு? அங்க போயி செட்டுக்கு இன்னாத்த ஊத்துவீங்க?”

அவர் கேனை இறுக்கி மூடி வண்டியில் ஏற்றினார்.

சேத்தியாத்தோப்புக்குள் நுழையும் முன் ஒரு பங்க் இருந்தது. வாசலில் கயிறு கட்டியிருந்தது. மழைக்கோட்டு போட்ட ஒரு ஆள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் இறங்கிப் போய்க் கேட்டார்.

“டீசல் கீழ நெறையக் கெடக்குதுங்க. ஏத்துறதுக்குக் கரன்ட் இல்ல. எங்க ஜெனரேட்டர் தண்ணில போயிடுச்சு,” என்றார் அந்த ஆள்.

இவர் திரும்பி எங்கள் ட்ரெய்லரைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்கு அந்த நொடியே புரிந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் இந்த மனுஷனை அறையலாம் என்று இருந்தவள், அப்போது அவரைக் கும்பிட்டிருப்பேன்.

கேனில் மிச்சமிருந்ததை முழுக்கச் செட்டுக்கு ஊற்றினார். அதுவும் ஒரு சூதாட்டம்தான். பங்க்கின் வயரிங் நனைந்திருந்தால், கையில் இருந்த டீசலும் போய் நடுரோட்டில் நிற்போம். இவரும் பங்க் ஆளும் பேனல் பெட்டியைத் திறந்து துடைத்து, கேபிளை மாட்டினார்கள். செட் முக்கி முனகி ஓடத் தொடங்கியது. பம்ப்பில் எண்கள் எரிந்தன. எங்கள் டேங்க் நிறைந்தது, கேன் நிறைந்தது, செட்டின் டேங்க் நிறைந்தது. எங்கள் செட் டேங்க் நிறைந்து நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

செட்டின் சத்தம் ஊருக்கே கேட்டிருக்க வேண்டும். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை, கேன், குடம், தண்ணீர் பாட்டில் என்று ஐம்பது அறுபது பேர் பம்ப்பைச் சூழ்ந்துவிட்டார்கள். பால்வண்டிக்காரர் ஒருவர் எங்கள் வண்டிக்கு முன்னால் தன் வண்டியை நிறுத்திவிட்டார். கேபிளைக் கழற்றப் போன என் கணவரின் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்.

“எங்களுக்கும் போட்டுட்டுக் கழட்டு மச்சான்.”

“எங்க அப்பாவுக்கு அங்க மூச்சு நின்னுக்குனு இருக்குங்க!” என்று நான் கத்தினேன்.

“எங்க ஊட்ல பிரசவமாகி மூணு நாளுதாம்மா ஆவுது. மோட்டார் ஓடுனாதான் தண்ணி,” என்றாள் ஒரு பெண். அவள் என்னைவிட மெதுவாகத்தான் பேசினாள். எனக்கு அவளையும் பிடித்துத் தள்ளலாம் போலிருந்தது. தள்ளவும் முடியவில்லை. என் கணவர் வேறு, “இன்னும் ரெண்டு பேருக்குத்தாம்மா, இன்னும் ரெண்டு பேருக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டே நின்றார். இல்லை என்று சொல்ல வராத ஆள் அவர். ஊருக்கு நல்லவனாக இருப்பதற்கு அவருக்கு அன்றைக்குத்தான் நேரம் கிடைத்ததா?

கடைசியில் பங்க் ஆள்தான் சுவிட்சை அணைத்தார். “மொதல்ல நீங்க போங்க. இவுங்கள நான் பாத்துக்குறேன்,” என்றார். பின்னால் கூட்டம் அவரைத் திட்டியது கேட்டது. அவர் அன்றைக்கு என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாரோ தெரியாது.

புவனகிரி பாலத்தில் வெள்ளாறு கரையை முட்டிக்கொண்டு போனது. சிதம்பரத்துக்குள் நுழையும்போது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. கோயில் கோபுரம் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. சந்துக்குள் ட்ரெய்லர் நுழையவில்லை. செட்டைக் கீழ வீதியிலேயே நிறுத்திவிட்டு, இவர் கேபிள் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

வாசலில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“இப்பதான்டி, ஒரு மணி நேரம் இருக்கும்,” என்றாள்.

இவர் கேபிளைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். தோளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ அவர் தோளிலிருந்து சுருளை இறக்கி வைத்தார்கள்.

செட் வீணாகவில்லை. உறவுக்காரர்கள் எல்லோரும் பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம். ரோடு திறக்கும் வரை வர முடியாது என்று அப்பாவைக் கிடத்த ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டுவந்து வைத்தார்கள். கரன்ட் இல்லாமல் பாக்ஸ் எப்படி ஓடும்? எங்கள் செட்தான் ஓட்டியது. அப்பாவின் மெஷினுக்கு என்று இழுத்து வந்த கேபிளையே பாக்ஸுக்கு மாட்டினார்கள். வீதியிலிருந்து அதன் சத்தம் வீடு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. அழ வந்தவர்கள் அந்தச் சத்தத்துக்கு மேல் குரல் எடுத்து அழ வேண்டியிருந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, தெற்கு வீதிக் கடைக்காரர் சிலிண்டரை எடுத்துப்போக வந்தார். சாவியை வைத்துத் திறந்து பார்த்தார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. முள்ளைத் தட்டிவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

“பாதிகிட்ட இருக்குதேம்மா. அன்னிக்கு மாட்டலையா?”

“மாட்டுனேனே.”

“ரெண்டுல வெச்சிருந்தா வெளக்கு வெக்கிற நேரத்துக்குத் துப்புரவாத் தீந்திருக்குமே. கொறைச்சு வெச்சிருந்தீங்களா?”

அம்மா தூணில் சாய்ந்துகொண்டாள். அவள் அதுவரை யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னாள். மாப்பிள்ளையும் நானும் அங்கேதான் இருந்தோம்.

“போன வெச்சதும் சிரிச்சாரு. ‘பதினாலாம்’னாரு. விரல வெச்சு என்னமோ எண்ணுனாரு. ‘செட்டோட வந்தா ஆறுக்கு மேல குடுக்காது. சேத்தியாத்தோப்பு தாண்ட மாட்டான். டீசல் தேடிப் புடிச்சு வர்றதுக்கு நடுராத்திரி ஆயிடும். அது வரைக்கும் இது தாங்கணும்’னு சொல்லிக்கினே சிலிண்டர் திருக ஒண்ணுக்கு எறக்குனாரு. நான் ஏத்துனேன். என் கையத் தட்டிட்டு மறுபடி எறக்குனாரு. ‘நீ சும்மா இரு, கால எடுத்து ஓட்டுறேன்’னாரு. நானும் இவருக்குத் தெரியாததான்னு உட்டுட்டேன்.”

கடைக்காரர் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய், வண்டி டயரின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவின் கணக்கில் தப்பில்லை. ஆறுதான் கொடுத்தது. சேத்தியாத்தோப்புக்கு முன்னால்தான் நின்றோம். பங்க் பூட்டியிருக்கும் என்பதுவரை சரி. பின்னால் இழுத்துவரும் செட்டை வைத்தே அந்தப் பங்க்கை ஓட்ட மாப்பிள்ளைக்குத் தோன்றும் என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு மூளை உண்டு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. அதற்கு மாப்பிள்ளையின் அந்தப் பதினாலும் ஒரு காரணம்.

இப்போதெல்லாம் மண்டபங்களில் யாராவது வண்டி என்ன குடுக்குது என்று கேட்டால் இவர் ஆறு என்கிறார். செட் மாட்டாத நாளிலும் ஆறு என்றுதான் சொல்கிறார். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், வண்டியை விற்றுத் தள்ளிவிடு என்கிறார்கள். உண்மையைச் சொல்லக் கற்றுக்கொண்டார் என்று நான் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. எத்தனையோ வருடம் அந்தப் பொய்யைக் கேட்டு ‘ம்’ போட்டார் அப்பா, ஒரு தடவைகூட நம்பவில்லை. அந்த ஒருநாள் மட்டும் நம்பித் தொலைத்திருந்தால், திருகை இரண்டிலேயே விட்டுவிட்டுப் படுத்திருப்பார். சிலிண்டர் தீர்வதற்கும் நாங்கள் கேபிளோடு வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்திருக்கும்.